உயிரோடு இருப்பவர்களின் பக்கம்

கொட்டாஞ்சேனையில் நான் ஞானஸ்நானம் பெற்ற கோயிலில், சனிக்கிழமை பின்னேரங்களில் பூசைக் கருத்துகளை எழுதி எடுக்கும் வேலை நீண்ட காலமாக என்னுடையது. தொடங்கியபோது கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். கையெழுத்து அழகு, பிழையும் விடமாட்டாள் என்று சொல்லி ஃபாதர் என்னைப் பிடித்துப் போட்டார். முதலாவது உண்மைதான். இரண்டாவதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கொப்பியின் ஒவ்வொரு தாளிலும் நடுவே ஒரு சிவப்புக் கோடு இருக்கும். கோட்டுக்கு இடப்பக்கம் உயிரோடு இருப்பவர்களுக்கானது. சுகம் வேண்டி, பரீட்சை வேண்டி, விசா வேண்டி, பெற்ற நன்மைக்கு நன்றியாக என்று வரும். வலப்பக்கம் இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்கானது. இரண்டையும் ஒரு தாளில் டைப் பண்ணிப் பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் வைத்துவிட்டு நான் போய்விடுவேன். ஞாயிறு காலைப் பூசை தொடங்குமுன் ஃபாதர் அதை வாசிப்பார். போர்க்காலத்தில் எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாத பேர்களும் வரத் தொடங்கின. அவர்களுக்கென்று கொப்பியில் இடம் இருக்கவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு மூக்கு நுனியில் கோபம். வீடு வெள்ளவத்தையில். சனிக்கிழமை வேலை முடிந்து, நின்று நின்று பஸ்ஸில் போய், வழியில் இரண்டு சோதனைச்சாவடியில் இறங்கி ஐடென்டிட்டி கார்டைக் காட்டி, பிறப்பிடம் எது, இங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சிங்களத்தில் பதில் சொல்லி வீடு போய்ச் சேர்வதற்குள் யாரையாவது கடித்துக் குதற வேண்டும் போலிருக்கும். அதனால் ஐந்து மணிக்குப் பிறகு கருத்துச் சொல்ல வருகிறவர்களை நான் நல்ல முகத்தோடு பார்த்ததில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை, ஐந்தே காலுக்கு ஒரு தாய் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். சாம்பல் நிறச் சேலை. காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை. டைப்ரைட்டரை மூடப்போன கையை எடுக்காமலே என்ன என்று கேட்டேன்.

"மகனுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்க வேணும், மிஸ்."

"என்ன கருத்து?"

அவர் மேசைக்குக் கிட்ட வந்து நின்றார். பிறகு, "நாளையோட முப்பத்தொரு நாள்" என்றார்.

எங்கள் ஆட்களிடம் முப்பத்தொன்று என்றால் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சைவக்காரர், வேதக்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் சொந்தத்தைக் கூப்பிட்டுச் சோறு போடுவோம், படம் போட்ட நினைவு அட்டை கொடுப்போம். வேதக்காரரான நாங்கள் பூசையும் ஒப்புக்கொடுப்போம். வெறுங்கழுத்தையும் சாம்பல் சேலையையும் பார்த்தேன். பேனை தானாகவே வலப்பக்கத்துக்குப் போனது. பேரைக் கேட்டேன், சொன்னார்.

"பேரோட ஊரையும் போடுங்கோ மிஸ்."

"ஊர் போடுறேல்லை. ஃபாதர் பேர் மட்டுந்தான் வாசிப்பார்."

"இந்தப் பேரில கனபேர் இருப்பினம். ஊரையும் போடுங்கோ."

அது உண்மைதான். அந்தப் பேரில் எங்கள் கோயிலிலேயே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இருந்தாலும் வடக்கில் எங்கோ ஒரு கரையோரத்தில் உள்ள அந்தச் சின்ன ஊரைக் கொட்டாஞ்சேனையில் யாருக்குத் தெரியும், கடவுளுக்குமா விலாசம் வேண்டும் என்று மனதுக்குள் முணுமுணுத்தேன். வாக்குவாதப்பட நேரமில்லை என்பதால் மட்டும் ஊரைப் போட்டேன்.

மறுநாள் காலை நான் பாடகர்குழுவின் பக்கத்தில் இருந்தேன். ஃபாதர் தாளை எடுத்து வாசித்தார். அந்தப் பேரும் அந்த ஊரும் வந்தன. "முப்பத்தோராம் நாள் நினைவாக, அன்னாரின் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய" என்று அவர் வாசித்தபோது, மூன்றாம் வரிசை வாங்கில் இருந்த அந்தத் தாய் தலையை நிமிர்த்தி ஃபாதரைப் பார்த்தார். செபமாலை பிடித்திருந்த கை வாய்க்குப் போனது. அவர் எழும்பவில்லை, சத்தம் போடவில்லை. பூசை முடியும்வரை முழந்தாளிலேயே இருந்தார். பெற்ற வயிறு, பாவம் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டைத் தொடர்ந்தேன்.

பூசை முடிந்து அலுவலக அறையைத் திறந்தபோது பின்னாலேயே வந்தார்.

"மிஸ், என்ர மகன் சாகேல்லை" என்றார்.

மகன் கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் நின்றிருக்கிறான். ஒரு விடியப்புறச் சுற்றிவளைப்பில் பொலிஸ்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கேள்விப்பட்ட தாய் வவுனியாவில் கொழும்புக்கு வரவிடும் இராணுவப் பாஸுக்குக் காத்திருந்து வந்து சேர்ந்து பதினெட்டு நாள். கேட்ட இடமெல்லாம் எங்களிடம் இல்லை என்ற ஒரே பதில்தான். பிடிபட்டு முப்பத்தொரு நாள் என்பதைத்தான் அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மன்னியுங்கள் என்று சொல்லாமல், "நீங்கதானே முப்பத்தொண்டு எண்டு சொன்னீங்க" என்றேன்.

"ஓம், சொன்னனான். நாளை எண்ணிக்கொண்டிருக்கிறன். அதுதான் வாயில வந்தது."

பிறகுதான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த பூசையில் திருத்தி வாசிக்கச் சொல்கிறேன் என்றேன். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரோ சுவரோரம் இருந்த வாங்கில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் இருந்திட்டுப் போறன்."

"என்னத்துக்கு?" என்றேன்.

"என்னத்துக்கோ" என்றார். பிறகு, நான் முழிப்பதைப் பார்த்து, "அந்தப் பேரை அப்பிடிக் கேக்க நெஞ்சு வெடிச்ச மாதிரி இருந்தது மிஸ். ஆண்டவர் இதை என்னத்துக்கோ கேக்க வச்சிருக்கிறார். உடன எழும்பி ஓடினா எனக்கு அது தெரியாமப் போகும். இருந்து பாக்கிறன்" என்றார்.

துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். வெளியே ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பத்து நிமிடம் போயிருக்கும். நான் மேசையில் அடுக்க வேண்டியதையெல்லாம் அடுக்கி முடித்து, அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். சேர்ட் புதிது, மடிப்பு இன்னும் கலையவில்லை. முகம் மட்டும் பல நாள் வெயில் படாத முகம். உள்ளே வரவா விடவா என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், பூசையில ஒரு பேர் வாசிச்சவை. ஊரும் சொன்னவை. அவர் எப்ப செத்தவர்?"

நான் தாயைப் பார்த்தேன்.

"ஏன் கேக்கிறீங்க?" என்றேன்.

"வியாழக்கிழமை வரைக்கும் என்னோட ஒரே சிறைக்கூட்டுக்குள்ள இருந்தவர். காலமைச் சாப்பாட்டில எனக்குப் பாணைப் பிச்சுத் தந்தவர். நான் வெளியில வந்து மூண்டு நாள்தான். அதுக்குள்ள என்ன நடந்தது?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. "வெளியில போற ஆள் மற்ற ஆக்களின்ர வீட்டுக்குச் சொல்லோணும் எண்டு எங்களுக்குள்ள பேச்சு. எனக்குப் பயம். ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாம நாளைக்கு விடிய வவுனியாவுக்குப் போக இருந்தனான். நான் சைவம். சும்மா ஒருக்காக் கும்பிட்டிட்டுப் போவம் எண்டுதான் உள்ள வந்தனான். நான் நேரத்துக்குச் சொல்லியிருந்தா அவர் செத்திருக்க மாட்டார்."

தாய் எழும்பிப் போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்தார்.

"அவன் சாகேல்லைத் தம்பி. நான் அவன்ர தாய். மிஸ் பிழையா எழுதிப்போட்டா."

அந்த மனிதர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். யார் யாரைத் தேற்றுவது என்று தெரியவில்லை. நான் கூஜாவில் இருந்து தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன்.

இடத்தைச் சொன்னார். ஒரு பொலிஸ் நிலையம். அந்தத் தாய் இரண்டு தடவை ஏறி இறங்கி, இல்லை என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய இடம். பின்பக்கத்தில் உள்ள கூட்டில் பன்னிரண்டு பேர் இருந்தார்களாம். சாப்பிடுறானோ, சுகமா இருக்கிறானோ என்று தாய் கேட்டார். ஓம் என்றார் அவர். அந்த ஓம் வருவதற்கு எடுத்த நேரம் எங்கள் இருவருக்கும் விளங்கியது. தாய் அதற்குமேல் தோண்டவில்லை.

இனி இவர் மகனைத் தேடி ஓடுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் செருப்பைக்கூடப் போடாமல் ஓடியிருப்பேன். அவர் ஓடவில்லை.

"தம்பி, மற்றப் பிள்ளையளின்ர பேர் தெரியுமோ?"

தெரியும் என்றார். ஒவ்வொரு பின்னேரமும் பன்னிரண்டு பேரும் தங்கள் பேரையும் ஊரையும் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லிப் பாடமாக்குவார்களாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். ஒரு பேர், ஒரு ஊர். பிறகு ஒரு பேர், ஒரு ஊர். மன்றாட்டுமாலையில் புனிதர்களின் பேர் வருவதுபோல் வந்தன. நான் கைக்கெட்டிய கொப்பியை இழுத்தேன். பூசைக் கருத்துக் கொப்பிதான். அவசரத்தில் என் பேனை சிவப்புக் கோட்டுக்கு மேலே தயங்கி நின்றது.

தாய் என் கையைப் பிடித்து இடப்பக்கத்துக்கு நகர்த்தினார். "எல்லாம் இங்க எழுதுங்கோ அக்கா" என்றார். அன்றுதான் என்னை முதன்முதல் அக்கா என்றார்.

பத்துப் பேர் எழுதினேன். வலப்பக்கத்தில் நான் சாகடித்து வைத்திருந்த மகனின் பேரை வெட்டி, பதினோராவதாக அதையும் இடப்பக்கம் எழுதினேன். அந்த மனிதர் தான் சொன்னதாக எங்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரிடம் பேரைக் கேட்பது அவருக்கே ஆபத்து என்று தோன்றியதால் நாங்கள் கேட்கவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "வேண்டுதல் பக்கத்தில வாசிச்சிருந்தா நான் ஆரோ கும்பிடுகினம் எண்டு நினைச்சுப் பேசாமப் போயிருப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாயும் ஒரு லொட்ஜில்தான் தங்கியிருந்தார்; இனி அங்கே நிற்க வேண்டாம் என்று அவரை வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பிழை விட்டவள் செய்ய வேண்டிய பரிகாரம் என்றுதான் கூட்டிவந்தேன். இரண்டே நாளில் பரிகாரம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அவருடைய அந்த 'என்னத்துக்கோ' என் பொறுமையைத் தின்றது. பஸ் போய்விட்டால் என்னத்துக்கோ. பால் திரைந்தால் என்னத்துக்கோ. தையல்கடை என்று நினைத்துப் பிழையான நம்பருக்கு டெலிபோன் எடுத்த ஒருவரோடு கால்மணி நேரம் கதைத்துவிட்டு, அதற்கும் என்னத்துக்கோ.

"ஆண்டவருக்கு வேற வேலையே இல்லையா? என்ர பால் சட்டியையா பார்த்துக்கொண்டிருக்கிறார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் சிரித்தார். "திரைஞ்ச பால் திரைஞ்ச பால்தான் அக்கா. எல்லாத்திலயும் ஒண்டு இருக்கெண்டு நான் சொல்லேல்லை. இருந்தா நான் தவறவிடக்கூடாது. அவ்வளவுதான்."

கரண்ட் போன ஒரு மாலையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். திருடன் வருவான் என்று நான் கத்தினேன். வந்தது கீழ்வீட்டு முஸ்லிம் பெண்மணி, நெருப்புப்பெட்டி கேட்டு. நான்கு வருடம் அவர் தலைக்கு மேலே குடியிருந்தும் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருடைய கணவர்தான் பிறகு எங்களோடு வந்து, நல்ல சிங்களத்தில் கதைத்து, வடக்கில் இருந்து வந்து தங்குகிறவர் என்று தாயின் பேரைப் பொலிஸில் பதிந்து தந்தார். அதற்கும் தாய் என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு அவரிடம் முதலில் பிடித்தது.

ஒரு தடவை கேட்டேவிட்டேன். "அப்ப ஆண்டவர்தான் என்னைப் பிழை விடச் செய்தவரா?"

அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "பிழை உங்கட. பிறகு வந்தது அவரின்ர" என்றார், தலையை நிமிர்த்தாமலே. இதைவிட நியாயமான தீர்ப்பை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

எங்கள் கோயிலுக்கு வருகிற ஒரு லோயர் பதினொரு பேருக்கும் சேர்த்து மனு எழுதினார். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நான் டைப் பண்ணினேன். ஒவ்வொரு பேரையும் எழுத்தெழுத்தாக வாய்விட்டு வாசித்து, தாயையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன். ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. இடத்தையும் கூட்டையும் உள்ளே இருப்பவர்களின் பேரையும் குறிப்பிட்டுக் கேட்டபோது, இல்லை என்ற பதில் மெதுவாக மாறத் தொடங்கியது. முதலில் பார்க்கிறோம் என்றார்கள். பிறகு விசாரணை நடக்கிறது என்றார்கள். பிறகு பேர்கள் ஒரு பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறிய ஆளைத் தொலைப்பது கஷ்டம் என்று லோயர் சொன்னார்.

ஏழு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மத்தியானம் மகன் வந்தான். ஓட்டோவில் இருந்து இறங்கி, எங்கள் படிகளில் நின்று நின்று ஏறினான். அந்தத் தாய் அப்போதும் சத்தம் போடவில்லை. அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டுச் சோறு போட்டார். அவன் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருந்தார். நான் குசினிக்குள் போய் நின்று வாய்விட்டு அழுதேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பதினொரு பேரில் எட்டுப் பேர் அந்த வருடத்துக்குள் வீடு போனார்கள். இரண்டு பேரை வேறு சிறைக்கு மாற்றினார்கள். ஒருவரைப் பற்றி இன்றுவரை சரியாகத் தெரியாது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

வெளியே வந்து செய்தி சொன்ன அந்த மனிதரின் பேரை மகன் சொன்னான். ஒரே கூட்டில் பாடமாக்கிய பேரல்லவா, ஊரோடு சொன்னான். தாய் உடனே அந்த ஊருக்கு நன்றி சொல்லிக் கடிதம் அனுப்பினார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவருடைய அக்காவிடம் இருந்து பதில் வந்தது. தம்பி விடுதலையானதே உங்கள் கடிதத்தில்தான் எங்களுக்குத் தெரியும், அவன் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று எழுதியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஐந்தே காலுக்குத் தாய் அலுவலக அறைக்கு வந்தார். மகன் மீண்டதற்கு நன்றிப் பூசைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதை எழுதினேன். பிறகு அந்தக் கடிதத்தை மேசையில் வைத்து, "இவருக்கும் ஒண்டு" என்றார்.

நான் பேனையை எடுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். இதற்கும் 'என்னத்துக்கோ' என்று சொல்லிவிட்டால் அன்றோடு அவர் மேல் எனக்கிருந்த மதிப்பெல்லாம் போயிருக்கும். பாலுக்கும் பஸ்ஸுக்கும் என் பிழைக்கும், மகன் பேரைச் செத்தவர்களோடு கேட்டு நெஞ்சு வெடித்தபோதுகூட அதைச் சொன்னவர், இதற்குச் சொல்லவில்லை. இன்னொரு வீட்டின் துக்கத்துக்கு விளக்கம் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இடப்பக்கம் எழுதுங்கோ அக்கா. ஊரையும் போடுங்கோ" என்றார்.

எழுதினேன்.

தாயும் மகனும் பிறகு ஒரு குளிர் நாட்டுக்குப் போய்விட்டார்கள். போர் முடிந்தது. எனக்குக் கண் மங்கிவிட்டது, கொப்பிகள் பல மாறிவிட்டன. புதிய கொப்பிகளில் சிவப்புக் கோட்டை நானே அடிமட்டம் வைத்துக் கீறுகிறேன். அந்த மனிதர் வாசலில் வந்து நின்ற ஞாயிறு ஒவ்வொரு வருடமும் கிட்டும்போது, முதல்நாள் சனிக்கிழமை பின்னேரம் அங்கிருந்து தாயின் டெலிபோன் வரும்.

"எழுதியாச்சோ அக்கா?"

"ஓம்."

"ஊரோடயோ?"

"ஊரோடதான்."

எந்தப் பக்கம் என்று அவர் கேட்பதில்லை. நானும் கைதவறி எழுதிவிடக் கூடாதென்று, மற்றப் பேர்களைத் தொடுவதற்கு முன்னால், அந்தப் பேரை முதலாவதாக இடப்பக்கத்தில் எழுதிவிடுகிறேன். பிறகு கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.